‘தேடினேன், இல்லை’ என்று சொல்லத் தெரிந்த முறை எது? காட்டில் அயல் செடி பரவுவதை ஆராயும் வழிகள்: ஓர் ஒப்பீடு

காட்டுக்குள் ஓர் அயல் செடி எப்படிப் பரவுகிறது என்று ஆராயக் கிளம்புகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கேள்வி முடிவாகும் முன்பே கருவி முடிவாகிவிடும். ட்ரோன் கையில் இருக்கிறது, அதை வைத்து ஏதாவது செய்வோம். செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் தொடங்குவோம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் அழகான வரைபடம் ஒன்று இருக்கும். செடி புதிதாக வந்ததா, முன்பே அங்கே இருந்ததா என்பதுதான் அதில் தெரியாது.

பரவல் என்பது என்ன? நேற்று இல்லாத இடத்தில் இன்று இருப்பது. அப்படியானால் ‘இருக்கிறது’ என்று மட்டும் சொல்லத் தெரிந்த முறை பரவலைப் பற்றிப் பாதிதான் சொல்லும். ‘தேடினேன், இல்லை’ என்று நம்பும்படி சொல்லத் தெரிந்தால்தான் மீதிப் பாதி. ஆட்கள், காலம், வசதி எல்லாம் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே எல்லா வழிகளையும் முதலில் இந்த ஓர் அளவுகோலில்தான் உரசிப் பார்க்கப் போகிறேன்.

வானத்திலிருந்து பார்த்தால்

செயற்கைக்கோள் படங்களின் கவர்ச்சி புரிகிறது. லேண்ட்சாட் வரிசை 1972 முதல் பூமியைப் படமெடுத்து வருகிறது. 2008-ல் அந்தச் சேமிப்பு முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டார்கள். 2015-ல் வானேறிய சென்டினல்-2 இன்னும் நுணுக்கமானது. அதன் படத்தில் ஒரு பிக்சல் தரையில் 10 மீட்டர். ஐம்பது வருடப் பழைய காட்டை உட்கார்ந்த இடத்திலிருந்தே புரட்டலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் குறுக்களவுக்குப் படர்ந்த ஓர் உண்ணிச்செடிப் புதர் (லாண்டானா என்ற அயல் செடிதான்) சுமார் 3 சதுர மீட்டர் தரையை மூடும். சென்டினலின் ஒரு பிக்சல் 100 சதுர மீட்டர். அதில் இந்தப் புதரின் பங்கு 3 சதவீதம். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சலில் ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. அதுவும் புதருக்கு மேலே மரக்கிளை எதுவும் கவிந்திருக்கக் கூடாது. காட்டில் அப்படிப்பட்ட புதர் எத்தனை அகப்படும்?

ஆகவே செயற்கைக்கோள் ‘இல்லை’ என்று காட்டினால் அதற்குப் பொருள் ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதுதான். செடி ஒரு பிக்சலை நிறைக்கும் அளவுக்கு அடர்ந்த பிறகே அது கண்ணில் படும். அந்த நாளை, செடி வந்த நாள் என்று எடுத்துக்கொண்டால் வேகக் கணக்கு முழுவதும் தப்பாகிவிடும்.

இதற்கு விலக்கு உண்டு, அது சுவாரசியமானதும்கூட. செடியின் பருவ நடத்தை காட்டிலிருந்து மாறுபட்டால் அது தானே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அமெரிக்காவின் ஒஹாயோ, கென்டக்கி பக்கத்துக் காடுகளில் அமூர் ஹனிசக்கிள் என்ற ஆசியப் புதர் மரங்களுக்கு அடியில் மண்டிக் கிடக்கிறது. கோடையில் அதை மேலிருந்து பார்க்கவே முடியாது. ஆனால் இலையுதிர் காலத்தில் மரங்கள் மொட்டையான பிறகும் சில வாரங்களுக்கு இது பச்சையாக நிற்கும். வசந்தத்தில் மரங்களை முந்திக்கொண்டு தளிர்க்கும். அந்த இடைவெளியில் எடுத்த லேண்ட்சாட் படத்திலேயே அதை அடையாளம் கண்டார்கள். மஞ்சள் பூ கொத்துக் கொத்தாகப் பூக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரமும் இப்படித்தான். பூக்கும் வாரத்தில் படமெடுத்தால் பச்சைக்கு நடுவே மஞ்சள் திட்டாகத் தெரியும். மற்ற மாதங்களில் கூட்டத்தோடு கூட்டமாகிவிடும்.

இதைவிட நுட்பமான வழி, ஒளியை நூற்றுக்கணக்கான அலைநீளங்களாகப் பிரித்துப் பார்க்கும் கருவியை விமானத்தில் ஏற்றுவது. ஹவாயில் கிரெக் ஆஸ்னரும் பீட்டர் விட்டூசெக்கும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், இலையில் உள்ள நைட்ரஜனையும் நீரையும் வைத்தே, வெளியிலிருந்து வந்த ஃபாயா மரத்தையும், மரநிழலில் வளரும் காஹிலி இஞ்சியையும் பிரித்துக் காட்டினார்கள். காஹிலி இஞ்சி நிழலில் இருந்தும் அகப்பட்டதற்குக் காரணம், அது மேலே உள்ள மரத்தின் இலை வேதியியலையே மாற்றிவிட்டதுதான். அருமையான வேலை. ஆனால் அப்படியொரு விமானம் நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ட்ரோன் நடுவழி. இலை இலையாகப் படம் தரும். ஆற்றங்கரை, சாலையோரம், காட்டுத் தீ எரிந்துபோன திறந்தவெளி போன்ற இடங்களுக்குச் சரி. அடர்காட்டில் அது மரத்தலைகளை மட்டும் கூர்மையாகக் காட்டும், அவ்வளவுதான். செடியே விசேஷமாக இருந்தால் கதை வேறு. மிக்கோனியா என்ற அயல் மரத்தின் இலை ஒரு மீட்டர் வரை நீளும், அடிப்பக்கம் ஊதா. ஹவாயில் ஹெலிகாப்டரில் பறந்தே அதைத் தேடிப் பிடிக்கிறார்கள். உங்கள் செடி அந்த ரகமா என்பதை முதலில் பாருங்கள்.

தரையில் கட்டம் போட்டால்

எதிர்முனையில் இருப்பது நிரந்தர மாதிரிக் கட்டம். ஓர் இடத்தை அளந்து, மூலையில் குச்சி அடித்து, உள்ளே இருக்கும் ஒவ்வொரு செடியையும் எழுதி, சில வருடம் கழித்து அதே இடத்துக்குத் திரும்பிப் போவது. சலிப்பான வேலை. இதில் பளபளப்பு எதுவும் கிடையாது. ஆனால் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் முறை வேறு இல்லை.

இதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். முதன்முதலாகக் கட்டம் போட்டபோது, செடி எங்கே இருக்கிறதோ அங்கேயெல்லாம் போட்டேன். ஆராய வந்தது அந்தச் செடியை, அது இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை என்ற நினைப்பு. அடுத்த வருடம் திரும்பிப் போனால் எல்லாக் கட்டத்திலும் ‘இருக்கிறது’, அதற்கடுத்த வருடமும் ‘இருக்கிறது’. அடர்த்தி கூடியதைச் சொல்ல முடிந்தது. பரவியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. காலியாக இருந்த கட்டம் ஒன்றுகூட என் கையில் இல்லை. இரண்டு வருடம் போச்சு.

இந்தத் தவறைத் தவிர்க்கக் கற்றுக்கொள்ள நல்ல இடம் மிரென். மலைப்பகுதிகளில் அயல் செடிகளை ஆராய 2005-ல் தொடங்கிய உலகளாவிய கூட்டமைப்பு அது. அவர்களுடைய முறை எளிது. ஒரு பகுதியில் மூன்று மலைச்சாலைகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிவரை சம உயர இடைவெளியில் ஒரு சாலைக்கு 20 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் மூன்று பட்டைகள். 50 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் ஒன்று சாலையை ஒட்டி ஓடும். மற்ற இரண்டும் அதற்குச் செங்குத்தாக, ஒன்றன் பின் ஒன்றாக, காட்டுக்குள் 100 மீட்டர் வரை போகும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வருவார்கள்.

இதன் அழகு, செடி எங்கே இருக்கிறது என்று தெரியாமலேயே இடங்கள் முடிவாகிவிடுவதில் இருக்கிறது. சாலையோரத்தில் ‘இருக்கிறது’, உள்பட்டையில் ‘இல்லை’. ஐந்து வருடம் கழித்து உள்பட்டையிலும் ‘இருக்கிறது’ என்றால் செடி சாலையை விட்டுக் காட்டுக்குள் இறங்கிவிட்டது. இதை வாதாடி மறுக்க யாராலும் முடியாது.

குறை என்ன? பரப்பு. மூன்று சாலை, 20 இடம், மூன்று பட்டை என்று பெருக்கினால் 180 பட்டைகள். ஒவ்வொன்றும் 100 சதுர மீட்டர். எல்லாம் சேர்ந்தும் இரண்டு ஹெக்டேர் தேறாது! ஒரு பெரிய காட்டின் வரைபடத்தில் இது ஊசிமுனைக்குக் கூட வராது. முதுமலையில் 1988-ல் அமைத்த 50 ஹெக்டேர் நிரந்தரக் களம் போன்றவை இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. அங்கே உண்ணிச்செடி எந்த மூலையில் அடர்ந்தது, எங்கே தயங்கியது என்று ஆண்டுக்கணக்கில் தொடர முடிந்திருக்கிறது. ஆனால் அது ஒரு நிறுவனம் தலைமுறையாகச் செய்யும் வேலை. தனி ஆளுக்கு ஆகாது.

கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்பதிலும் ஒரு தேர்வு இருக்கிறது. எத்தனை செடி என்று எண்ணலாம். தரையில் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று கண்மதிப்பில் எழுதலாம். கண்மதிப்பு வேகமானது, ஆனால் ஆளுக்கு ஆள் மாறும். நான் இரண்டையும்விட முக்கியமாகக் கருதுவது வேறொன்று: காய் பிடித்திருக்கிறதா? நூறு நாற்று இருந்து ஒன்றும் காய்க்காத இடமும், ஒரே புதர் காய்த்துக் குலுங்கும் இடமும் பரவலில் ஒன்றல்ல. இந்த ஒரு பத்தியை (நெடுவரிசையை) ஏட்டில் சேர்க்க ஐந்து விநாடிதான் ஆகும்.

நாற்றைக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். விரல்நீள உண்ணி நாற்றைப் பார்த்தால் காட்டுச் செடி எது என்று குழப்பம் வரும். தண்டை விரலுக்கிடையே உருட்டினால் உருளாது, நான்கு பட்டை தட்டுப்படும். இலை சொரசொரக்கும், கசக்கினால் மூக்கைத் துளைக்கும் நெடி. இதை முதல் நாளே கற்றுக்கொடுக்காமல் குழுவை அனுப்பினால் ஏட்டில் வரும் ‘இல்லை’ எல்லாம் ‘கவனிக்கவில்லை’தான். இரண்டு பேரைத் தனித்தனியாக ஒரே கட்டத்தைப் பார்க்கச் சொல்லி ஒப்பிட்டால் எவ்வளவு தவறுகிறது என்று தெரிந்துவிடும்.

ஏன் ஓரத்துச் செடி முக்கியம்

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எந்த முறை என்ற முடிவு பாதிக்கு மேல் இதில்தான் நிற்கிறது.

1905-ல் பிராக் நகருக்கு அருகே சில மஸ்க்ராட் எலிகளை விட்டார்கள். அவை ஐரோப்பாவில் பரவிய பரப்பை 1951-ல் ஸ்கெல்லம் என்ற கணிதவியலாளர் கணக்கிட்டார். பரப்பின் வர்க்கமூலத்தை வருடத்துக்கு எதிரே குறித்தால் நேர்கோடு வந்தது. நீரில் மைத்துளி விரிவதுபோல ஒரே சீரான ஊர்தல். செடிகளிலும் இப்படி நேர்கோடு வந்தால் கதை எளிது.

பல நேரம் வராது. 1899-லேயே கிளெமென்ட் ரீட் என்ற பிரிட்டன் நிலவியலாளர் இதில் முட்டிக்கொண்டார். ஓக் மரக்கொட்டை மரத்தடியிலேயே விழும் கனமான காய். அந்த வேகத்தில் பனியுகத்துக்குப் பிறகு ஓக் பிரிட்டனின் வடகோடியை எட்டப் பத்து லட்சம் வருடம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் எப்போதோ எட்டிவிட்டது. எங்கோ ஒரு பறவை, ஏதோ ஒரு கொட்டை, நீண்ட தாவல். அபூர்வமாக நடக்கும் அந்தத் தாவல்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. 1988-ல் மூடி, மேக் என்ற இருவர் மாதிரிக் கணக்கு போட்டு இதன் மறுபக்கத்தைக் காட்டினார்கள்: பெரிய கூட்டத்தின் விளிம்பை வெட்டிக்கொண்டிருப்பதைவிட, தள்ளி முளைத்திருக்கும் சின்னச் சின்னத் திட்டுகளை அழிப்பதே பரவலை அதிகம் தடுக்கும்.

சரி, அந்தச் சின்னத் திட்டை யார் கண்டுபிடிப்பது? செயற்கைக்கோளுக்கு அது தெரியாது. இரண்டு ஹெக்டேர் கட்டத்துக்குள் அது வந்து விழ வாய்ப்புக் குறைவு. இரண்டு பெரிய முறைகளும் கைவிடும் இடம் இது.

‘இருக்கிறது’ மட்டும் சொல்லும் சாட்சிகள்

இந்த இடத்தில்தான் பொதுமக்கள் பதிவு உதவுகிறது. ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளம் 2008-ல் தொடங்கியது, செயலியும் உண்டு. நடக்கப் போகிறவர் ஒருவர் ஒரு செடியைப் படமெடுத்துப் போட்டால் இடமும் தேதியும் சேர்ந்து ஏறிவிடும். தாவலைப் பிடிக்க ஆயிரம் கண் வேண்டும். அது இங்கே கிடைக்கும். ஆனால் இதை வைத்து வேகம் கணக்கிட்டால் ஏமாந்துபோவீர்கள். புள்ளிகள் கூடியது செடி பரவியதாலா, செயலி பரவியதாலா? படங்கள் எல்லாம் நடைபாதை ஓரம். செடியைக் காணாமல் திரும்பியவர் எதையும் பதிவதில்லை. இங்கே ‘இல்லை’ என்ற பதிவே கிடையாது.

உலர்தாவரத் தொகுப்புகளும் இதே ரகம்தான், வயது மட்டும் கூட. ஹெர்பேரியத் தாளில் ஒட்டிய ஒரு கிளை, அதன் கீழே இடமும் தேதியும். வேறு எந்த முறையும் நூறு வருடம் பின்னோக்கிப் போகாது. ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் இங்கோ கோவாரிக் பழைய பதிவுகளைத் தோண்டி 1995-ல் சொன்ன கணக்கு இன்னும் ஆட்களைத் திகைக்க வைக்கிறது: மரம், புதர் வகை அயல் தாவரங்கள் அங்கே கொண்டுவரப்பட்டதிலிருந்து பரவத் தொடங்கும்வரை சராசரியாக 147 வருடம்! மூன்று வருட ஆய்வில் ‘இந்தச் செடி பரவவில்லை’ என்று எழுதப் போகிறவர்கள் இந்த எண்ணை எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளலாம். வெப்பமண்டலத்தில் இவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை. 1937-ல் டஹிட்டித் தீவுக்கு அழகுச் செடியாக வந்த மிக்கோனியா இன்று தீவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இடத்தில் பரவியிருக்கிறது.

மூன்றாவது சாட்சி, காட்டோடு வாழ்கிறவர்களின் நினைவு. ஆய்வறிக்கைகளில் இதற்கு ஒரு மூலைதான் கிடைக்கும், அது நியாயமில்லை. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் ஒரே இடங்களை 1997-லும் 2008-லும் அளந்து, உண்ணிச்செடி தென்படும் கட்டங்கள் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் கண்டார்கள். ஆனால் ஏன் என்ற கேள்விக்குக் கட்டத்தில் விடை இல்லை. அங்கே வாழும் சோலிகர்கள் ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: கோடையின் தொடக்கத்தில் சருகுக்கு மட்டும் மெல்லத் தீ வைக்கும் தங்கள் வழக்கம் தடைபட்ட பிறகுதான் உண்ணி தலையெடுத்தது. எப்போது இல்லை, எப்போது வந்தது என்று இடத்தைக் கைகாட்டிச் சொல்லக்கூடிய மனிதர்கள் இருக்கும்போது அதைக் கேட்காமல் படம் வாங்கப் போவது எனக்குப் புரிவதில்லை. வருடம் துல்லியமாக வராதுதான். ‘பெரிய தீ வந்ததே, அதற்கு முன்னாலா பின்னாலா?’ என்று கேட்டால் வரும்.

வேகமாகக் கடந்துபோகக்கூடியவை

அடுத்து எங்கே போகும் என்று காட்டும் கணினி மாதிரிகள். 2006 முதல் புழக்கத்தில் இருக்கும் மேக்ஸென்ட் போன்றவை ‘இருக்கிறது’ புள்ளிகளை மட்டும் வாங்கிக்கொண்டு தட்பவெப்பத்தோடு பொருத்திப் பார்க்கும். சிக்கல் என்னவென்றால், பரவிக்கொண்டிருக்கும் செடி இன்னும் போகாத இடத்தை, அதற்கு ஒத்துவராத இடம் என்று மாதிரி எடுத்துக்கொள்ளும். எங்கே தேடத் தொடங்கலாம் என்று குறித்துக்கொள்ள இது போதும். முடிவாக அச்சிட்டுக் கொடுக்க இது உதவாது.

மரபணு ஆய்வு, இந்தத் திட்டு எந்தத் திட்டிலிருந்து வந்தது என்று சொல்லும். ஆய்வுக்கூடம் கையில் இருந்து, கேள்வியும் அதுவாகவே இருந்தால் மட்டும் போங்கள். விழும் விதைகளைப் பிடித்துவைக்கும் விதைப்பொறி எளிதானது. பெர்லினில் நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைக்குள் விதைப்பொறி வைத்துப் பார்த்தார்கள். மழையும் காற்றும் பறவையும் விதை கொண்டுவர முடியாத இடம், வருவதெல்லாம் வண்டியில்தான் வர வேண்டும். விழுந்த விதைகளின் இனங்களில் ஏறக்குறைய பாதி அயல் இனங்கள். ஒரே கேள்விக்கு ஒரே கருவி என்றால் இப்படி இருக்க வேண்டும்.

ஆக, எதை எடுப்பது?

ஒரே ஆள், இரண்டு மூன்று வருடம் என்றால் நான் யோசிக்காமல் சொல்வது: பாதையை ஒட்டித் தொடங்கி உள்ளே போகும் பட்டைகள். 180 வேண்டாம், 40 போதும். பாதிக்குக் குறையாமல் காலிப் பட்டைகள் இருக்கட்டும். முதல் மாதத்தை அங்குள்ளவர்களிடம் பேசுவதற்கு ஒதுக்குங்கள். பட்டை எங்கே விழ வேண்டும் என்பதை அந்தப் பேச்சே முக்கால்வாசி முடிவு செய்துவிடும்.

ஒரு பெரிய காட்டை நிர்வகிப்பவருக்கு எவ்வளவு பரப்பு பாழாகியிருக்கிறது என்ற எண் வேண்டும் என்றால் செயற்கைக்கோள்தான், வேறு வழியில்லை. ஆனால் செடி தனித்துத் தெரியும் வாரம் எது என்று முதலில் தரையில் ஒரு வருடம் பார்த்துவிட்டுப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். வரைபடம் ‘இல்லை’ என்று காட்டும் இடங்களிலும் நடந்துபோய்ச் சரிபாருங்கள். எல்லோரும் ‘இருக்கிறது’ இடங்களைத்தான் சரிபார்க்கிறார்கள்.

செடி இப்போதுதான் தலைகாட்டியிருக்கிறது, திட்டுத் திட்டாகப் பிடித்து அழிக்க வேண்டும் என்றால் பொதுமக்கள் பதிவும் ரோந்து போகிறவர்களும் போதும். அங்கே வேகம் கணக்கிட உட்கார்ந்தால் கணக்கு முடிவதற்குள் செடி முந்திவிடும்.

எதை எடுத்தாலும் ஏட்டில் நான்கு பத்திகள் வேண்டும்: தேதி, இடம், எவ்வளவு நேரம் தேடினேன், இருக்கிறதா இல்லையா. மூன்றாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் தேடிய ‘இல்லை’யும் ஒரு மணி நேரம் தேடிய ‘இல்லை’யும் ஒன்றாகுமா?

அப்புறம், காட்டைவிட்டு வெளியே வந்ததும் வண்டியில் ஏறும் முன் செருப்பையும் காலுறையையும் கழற்றிப் பாருங்கள். நெசவுக்குள் ஏறிய முள்விதை, அடிப்பகுதிச் சேற்றில் புதைந்த பொடிவிதை எல்லாம் இருக்கும். தட்டிவிட்டு அடுத்த காட்டுக்குப் போகாமல், ஒரு காகித உறையில் போட்டுத் தேதியும் பாதையின் பெயரும் எழுதி வையுங்கள். ஒரு வருடம் சேர்ந்தால் அந்தப் பாதையில் நடக்கிறவர்கள் எதை எங்கே கொண்டுபோகிறார்கள் என்பதற்கு அதைவிட மலிவான விதைப்பொறி கிடையாது.